மூன்று புள்ளிச் செடி

புக்கிட் பாத்தோக்
சிங்கப்பூர்
6 மார்ச் 2022

மகள் தாரணிக்கு அப்பா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழை வந்தால் முட்டி மட்டும் வலிக்கும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் நான்கு கடிதங்களும் படித்தேன். பதில் தாமதம். கண் சரியில்லை.

கடைசிக் கடிதத்தில் குழந்தை வரைந்த படம் இருக்கிறது. தொட்டி. தொட்டியில் செடி. அதன் கீழே மூன்று எழுத்து. முதல் எழுத்து வாசல் நிலை போல இருக்கிறது. கடைசி எழுத்து கவைக்குச்சி போல இருக்கிறது. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்திலும் தேடினேன். இல்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன்.

அது என்ன எழுத்து? எப்படிச் சொல்வது?

இதை எழுத மூன்று நாள் ஆனது.

இப்படிக்கு
அப்பா முத்துராமன்


பேர் ஷெவா, இஸ்ரேல்
2 ஏப்ரல் 2022

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் சுகம். இங்கே குளிர் முடிந்து வெயில் தொடங்கிவிட்டது. பண்ணையில் நாற்றுகளுக்கு நிழல்வலை கட்டும் வேலை நடக்கிறது.

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை அனுப்பியது என்று நினைத்தேன். உங்கள் கையொப்பத்தைத் தவிர வேறு எழுத்தை நான் பார்த்ததே இல்லை.

அது எபிரேய மொழி. இங்கே மரங்களுக்கு ஒரு பண்டிகை உண்டு. அதற்காக இலானா பாலர் பள்ளியில் வரைந்தாள். வார்த்தை: ட்ஸெமஃ. செடி என்று பொருள். நீங்கள் முதல் எழுத்து என்று நினைத்ததுதான் கடைசி எழுத்து. இங்கே வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக எழுதுவார்கள். அந்தக் கடைசி எழுத்து தொண்டையில் காற்று உரசிக்கொண்டு வரும். தமிழில் அதற்குச் சரியான எழுத்து இல்லை. கிட்டத்தில் வருவது ஃ என்பதால் அதைப் போட்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் "சாப்டியா? சரி, வச்சிடவா?" என்பதோடு முடிந்துவிடும். என் கல்யாணத்துக்கு அழைத்தபோது, "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?" என்றீர்கள். பத்து வருடம் கழித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன்.

கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

தாரணி


புக்கிட் பாத்தோக்
24 ஏப்ரல் 2022

அன்புள்ள தாரணிக்கு,

நீ சுகம் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் சுகம். கண்ணிலும் ஒன்றும் இல்லை. பொய் எழுதினேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. போன வருடம்வரை தெரியாது. காப்பிக்கடையில் தமிழ்ப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, படம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் உன் அம்மா வாசித்துச் சொன்னதை, நானே படித்தது போலக் கடையில் சொல்வேன். லட்சுமி இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

உன் நான்கு கடிதங்களும் பிஸ்கட் டின்னில் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நீ திட்டி எழுதியிருந்தால் அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும். பாசமாக எழுதியிருந்தாலும் இன்னொருவர் வாயால்தான். மனம் வரவில்லை.

அதனால் சமூக மன்றத்தில் தமிழ் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள். ரபியா டீச்சர் சொல்லித் தருகிறார். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையில் முதலில் மூன்று புள்ளி இருக்கிறது அல்லவா? இத்தனை வருடமாக அதைப் பலகையை மாட்டிய ஆணிகள் என்று நினைத்திருந்தேன். எழுத்தாம்! டீச்சர் சொன்னதும் கைதட்டிவிட்டேன்.

"அண்ணே, அது ஆய்தம். இப்பல்லாம் 'ஃப'ன்னு எழுதத்தான் உதவுது" என்றார்.

"அதுக்குன்னு சொந்தக் குரல் கிடையாதா டீச்சர்?"

"இருந்துச்சு. இப்ப யாருக்கு வரும் லா?"

உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அட, எங்க ஓதல்ல இது மாதிரி ஒரு சத்தம் வருமே" என்று தொண்டையிலிருந்து அதைச் சொல்லிக் காட்டினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வலமிருந்து எழுதுவதும் அவருக்கு ஆச்சரியமாக இல்லை. குர்ஆனும் அப்படித்தானாம். எனக்குத்தான் வாய் மூடவில்லை. தமிழில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த எழுத்துக்கு உன் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது.

கடைசிக் கடிதத்தில், இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ அதை எழுதிப் பதினான்கு மாதம் கழித்து நான் அதைப் படித்தேன். எழுத்துக் கூட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

நீ இனி எழுதாவிட்டாலும் நியாயம்தான். எழுதினால் படிப்பேன்.

அப்பா


பேர் ஷெவா
19 ஜூன் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

என் ரிப்போர்ட் புக் ஞாபகம் இருக்கிறதா? கையெழுத்துப் போடுமுன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தது என்று தேடுகிறீர்கள் என நினைத்து நான் நடுங்குவேன். உங்கள் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு முறை கணக்கில் தோற்றிருந்தேன். "நல்லா படிச்சிருக்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் மனம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு அழுதேன். அதை நினைத்து இப்போது சிரித்தேன். பிறகு உங்கள் மாப்பிள்ளை எரான் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

வார்த்தையைச் சரியாகச் சொல்லித் தருகிறேன். ஒன்று என்றால் ட்ஸெமஃ. பல என்றால் ட்ஸ்மஹிம். அந்த ஹ-வையும் தொண்டையில் சொல்ல வேண்டும். பேச்சில் மரத்தைக் காட்டி இப்படிச் சொல்ல மாட்டார்கள். மரத்துக்கு எட்ஸ் என்று தனி வார்த்தை உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தில் புல், கொடி, மரம், பாசி வரை எல்லாம் ட்ஸெமஃதான். அதே மூன்று எழுத்தைக் கொஞ்சம் மாற்றி ட்ஸாமஃ என்றால் 'வளர்ந்தது.' சைவம் சாப்பிடுகிறவர் ட்ஸிம்ஹோனி. செடிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்கு நீலகிரித் தைலம் போடுங்கள்.

தாரணி


புக்கிட் பாத்தோக்
10 ஜூலை 2022

என் அன்பு மகளுக்கு,

தைலம் போட்டேன். முட்டி தேவலை. அங்கே வெயில் அதிகம் என்று பேப்பரில் படித்தேன். ஆமாம், படித்தேன். தொப்பி இல்லாமல் நாற்றங்காலுக்குப் போகாதே.

நீ எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். பூங்கா வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். புல் வெட்டினேன், செடி நட்டேன், கொடி இழுத்துக் கட்டினேன், சாலையோரத்து மழைமரங்களில் ஏறிக் கிளை கழித்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "புல்லு வெட்டுறது" என்றுதான் சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளுகிற வார்த்தை என்னிடம் இல்லை. 'தாவரம்' என்று ஒன்று இருப்பதாக ரபியா டீச்சர் சொன்னார். இருக்கட்டும். அதை யார் காப்பிக்கடையில் சொல்கிறார்கள்?

இன்னொன்று. பெயரும் அதுவே, வளர்ந்தது என்பதும் அதுவே என்றாயே, நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. முளை. தரையிலிருந்து வந்ததும் முளை, 'வெளியே வா' என்று அதற்குச் சொல்வதும் முளை. நானே கண்டுபிடித்தேன். டீச்சர் அதைப் பலகையில் எழுதிப்போட்டார்.

ஆனால் எனக்கு ஃ வரவில்லை. 'ட்ஸெம' வரை வருகிறது, பிறகு காற்றுப் போய்விடுகிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்காரும் ஆஸ்மா, "என்னண்ணே, ஓயாம செம செமங்கிறீங்க? எம்பேரன் படம் பாத்துட்டு வந்தாத்தான் இப்படிக் கத்துவான்" என்றது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இப்போது எல்லாரும் என்னை 'செம அண்ணன்' என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் நான் ட்ஸிம்ஹோனி. இதை மாப்பிள்ளையிடம் சொல்.

அப்பா


பேர் ஷெவா
7 ஆகஸ்ட் 2022

அன்புள்ள அப்பா,

சுகம். தொப்பி போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

எரானிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மட்டும்தானா? அப்படியென்றால் மற்ற ஆறு நாளும் அவர் என் கட்சி" என்கிறார்.

செப்டம்பரில் இலானா முதல் வகுப்பு போகிறாள். எழுத்து படிக்கப் போகிறாள். சிங்கப்பூரில் தாத்தாவும் எழுத்து படிக்கிறார் என்றேன். "அவருக்கு டீச்சர் ஸ்டிக்கர் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

டிசம்பர் விடுமுறையில் அவளை அங்கே அழைத்து வரலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை. என் அறை எப்படி இருக்கிறது?

தாரணி


புக்கிட் பாத்தோக்
28 ஆகஸ்ட் 2022

அன்பு மகளுக்கு,

உன் அறைக்குச் சாயம் அடிக்கச் சொல்லிவிட்டேன். என்ன நிறம் என்று எழுது. என் உடம்பு பத்து வயது குறைந்தது போல் இருக்கிறது.

காரிடாரில் இருக்கும் பதினேழு தொட்டிக்கும் அட்டையில் பெயர் எழுதி வைத்துவிட்டேன். கறிவேப்பிலை. பாண்டான். கற்றாழை. கற்றாழைக்கு எந்த ழ என்று இரண்டு நாள் குழப்பம். இத்தனை வருடம் நான் தண்ணீர் ஊற்றிய செடிகள் இப்போதுதான் தங்கள் பெயரைச் சொல்கின்றன. நின்று நின்று படிக்கிறேன்.

டீச்சர் ஸ்டிக்கர் கொடுப்பதில்லை என்று குழந்தையிடம் சொல். கேட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். குழந்தைக்குத் தமிழ் தெரியாது என்று உன் இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தாய். ஏன் சொல்லித் தரவில்லை? நீ தமிழில் முதல் மாணவி ஆயிற்றே. இலானா என்றால் என்ன பொருள்? தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கலாமே.

அப்பா


புக்கிட் பாத்தோக்
22 அக்டோபர் 2022

தாரணிக்கு,

சுகமா? எட்டு வாரம் ஆயிற்று. நாளை மறுநாள் தீபாவளி. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. எல்லாக் கடைப் பலகையும் படித்துக்கொண்டே நடந்தேன். உன் கடிதம் மட்டும் படிக்க இல்லை.

போன கடிதத்தில் தவறாகக் கேட்டுவிட்டேன். எழுத வந்த புதிதில் எதை எழுதக்கூடாது என்பது தெரியவில்லை. டீச்சர் அதைச் சொல்லித் தரவில்லை.

கீழே இருப்பதை வலமிருந்துதான் எழுதினேன். கவைக்குச்சியில் தொடங்கி வாசலில் முடித்தேன்.

צמח

ஒரு நோட்டு முழுக்க எழுதி, அதில் நல்லதாக வந்ததைப் பார்த்து இதில் எழுதினேன். குழந்தையிடம் காட்டு. சரியா என்று கேள்.

அப்பா


பேர் ஷெவா
13 நவம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதமான தீபாவளி வாழ்த்து. நாங்கள் நலம்.

நீங்கள் கேட்டதில் தவறில்லை. என்னிடம் இருந்த பதில்தான் நன்றாக இல்லை. அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தால் யாரோடு பேசுவாள்? அம்மா போய்விட்டாள். நீங்கள் பதில் எழுதவில்லை. அவள் இரண்டு வயதில் 'தண்ணி' என்று சொல்வாள். அதோடு நானே நிறுத்திவிட்டேன். உங்கள் மேல் இருந்த கோபத்தைக் குழந்தையின் வாயில் வைத்துப் பூட்டினேன். இதை எழுத இத்தனை வாரம் ஆனது.

இலான் என்றால் மரம். பெண்ணுக்கு இலானா. பெயர்ப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதன் முன்பாதியில் இலை கேட்கிறதே என்று தோன்றியது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்றுதான் வைத்தேன். முதல் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். நீங்களே கண்டுபிடிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் எழுத்தை இலானாவிடம் காட்டினேன். பென்சிலை எடுத்து மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டாள். அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டு வருகிறேன்.

டிசம்பர் 18 மதியம் இறங்குகிறோம். எரானுக்கு வேலை இருக்கிறது, அடுத்த முறை வருவார். சாயம் எந்த நிறமானாலும் சரி. பச்சையாக இருந்தால் நல்லது.

தாரணி


புக்கிட் பாத்தோக்
15 ஜனவரி 2023

அன்பு மகளுக்கு,

இன்று பொங்கல். வீட்டில் ஒற்றை ஆளாகப் பொங்கல் வைத்தேன். நன்றாகவே பொங்கியது. நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. பச்சை அறையின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

நீ பார்க்காத ஒன்றை எழுத வேண்டும். வந்த மூன்றாம் நாள் நீ தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போனாய். நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். அதுவரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டதோடு சரி. எட்டு மாதம் பழகிய ஒரு வார்த்தை கையில் இருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கல்யாண நாள் போல.

காரிடாருக்குக் கூட்டிப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டிச் சொன்னேன். "ட்ஸெம…" ஃ வரவில்லை.

குழந்தை என் முகத்தை உற்றுப் பார்த்தது. உள்ளே ஓடியது. மைலோ கப்பில் தண்ணீர் கொண்டு வந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல்.

ஏன் என்று புரியவில்லை. ஆனால் பேத்தி கொடுக்கும் முதல் தண்ணீர். குடித்தேன். பிறகு பாண்டானைக் காட்டி மறுபடி சொன்னேன். மறுபடி ஓடியது. மறுபடி தண்ணீர். அதையும் குடித்தேன். நான் விடவில்லை, அதுவும் விடவில்லை. நான்கு கப், தாரணி! அன்று சாயந்திரம் "என்னப்பா, சும்மா சும்மா டாய்லெட் போறீங்க, சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்டாயே, அதுதான் காரணம்.

ஐந்தாவது கப்பைக் குடிக்க வயிற்றில் இடம் இல்லை. அதன் முன்னாலேயே கற்றாழைக்கு ஊற்றினேன். அப்போதுதான் அது வாயைப் பிளந்தது. என்னைப் பார்த்தது, செடியைப் பார்த்தது, தரையில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தது. எதிர் புளோக்கில் துணி காயப்போட்ட ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

பிறகு எழுந்து கற்றாழையைத் தொட்டு "ட்ஸெமஃ!" என்றது. என் விரலை இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னது. அந்த ஃ என் விரல் நுனியில் வந்து முட்டியது. விதை தோலைக் கிழிக்கும்போது கையில் வைத்திருந்தால் இப்படித்தான் இருக்கும். சொன்னேன். வந்தது. பதினேழு தொட்டிக்கும் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே போனோம்.

ஆனால் தண்ணீர் ஏன் கொண்டு வந்தது? அதை மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா


பேர் ஷெவா
5 பிப்ரவரி 2023

அன்புள்ள அப்பா,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை எரானுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்குமுன் அவர் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டார்.

இலானாவிடம் கேட்டேன். "தாத்தாவுக்கு எப்பவும் தாகம்மா. ஆனா பொம்பளைப் பிள்ளை மாதிரி சொல்றார். நான் திருத்தலை, பாவம்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் ஆனது புரிய. தாகமாக இருக்கிறது என்பதற்கு இங்கே ஆண் சொன்னால் ட்ஸாமே. பெண் சொன்னால் ட்ஸ்மேஆ. ட்ஸெமஃ-வில் ஃ-ஐ விட்டுவிட்டால் கிட்டத்தட்ட அதுதான் காதில் விழும். நீங்கள் அவளிடம் ஐந்து முறை தண்ணீர் கேட்டிருக்கிறீர்கள் அப்பா.

இதைச் சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கேட்டாள்: "இப்ப தாத்தாவுக்கு யார் தண்ணி கொடுக்கிறாங்க?" அந்தத் 'தண்ணி'யை மட்டும் தமிழிலேயே சொன்னாள்.

நீங்களே அவளுக்கு எழுதுங்கள். நான் தமிழிலேயே படித்துக் காட்டுகிறேன்.

தாரணி


புக்கிட் பாத்தோக்
26 பிப்ரவரி 2023

இலானாவுக்குத் தாத்தா எழுதுவது.

தாத்தா சுகம். நீ சுகமா? அப்பா, அம்மா சுகமா?

காலையில் கதவைத் திறப்பேன். முதலில் ஃ இல்லாமல் சொல்வேன். ட்ஸெம. உள்ளே போய் உன் மைலோ கப்பில் தண்ணி எடுத்துக் குடிப்பேன்.

பிறகு ஃ சேர்த்துச் சொல்வேன். ட்ஸெமஃ. அதே கப்பில் பதினேழு செடிக்கும் தண்ணி கொடுப்பேன்.

கற்றாழை பக்கத்தில் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. என்ன செடி என்று இன்னும் தெரியவில்லை. அட்டை மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்றும் எழுதவில்லை. அடுத்த முறை வந்து நீ எழுது. எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் நான் படிப்பேன்.

தாத்தா